சிரித்து முடித்தாயிற்றா?

திருச்சி ஏர்போர்ட் வீடியோவை இன்னும் பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் பாக்கியசாலிகள். லிங்க் கேட்காதீர்கள், தர மாட்டேன். மலிவு விமானத்தில் சிங்கப்பூர் போக வந்தவரிடம் கைப்பை எடை கூடுதல், பணம் கட்டு என்கிறார்கள்; விமானம் ஏறும் கேட் வாசலில் தரையில் உட்கார்ந்து, கட்டைப்பையைப் பிரித்து, எதை விடுவது எதை எடுப்பது என்று தெரியாமல் விழிக்கிறார் ஒரு அம்மா. பின்னால் யாரோ சிரிக்கிறார். எந்த விமான நிறுவனம் என்று நான் எழுதப் போவதில்லை. என் கோபத்தில் பாதிதான் அவர்களுக்கு. மீதி, கீழே கமென்ட் போட்டவர்களுக்கு. "கொடுக்கிற காசுக்கு இவ்வளவுதான்." "ரூல்ஸ் படிக்காமல் வந்தால் இப்படித்தான்." எழுதியவர்களில் என் நண்பர்களும் உண்டு. சந்தோஷம்.

மலிவு விமானங்களுக்கு நான் எதிரி இல்லை. 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கி ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றபோது வாய் பிளந்தவன்தான். 2001இல் கடனில் மூழ்கிக் கிடந்த ஏர் ஏசியாவை டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி நிமிர்த்தியதும் சாதனைதான். இவர்கள் இல்லையென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

செலவைக் குறைக்க இவர்கள் செய்ததில் பல வேலைகளை ரசிக்கவும் செய்கிறேன். இண்டிகோ 2006இல் ஏர்பஸ் ஏ320 என்ற ஒரே ரகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பியது. ஒரே ரக விமானம் என்றால் எந்த பைலட்டையும் எதிலும் ஏற்றலாம், உதிரி பாகமும் ஒரே மாதிரி. அயர்லாந்தின் மலிவு விமான நிறுவனமான ரயன்ஏரில் சீட் பின்னால் சாயாது, முன்னால் பத்திரிகை செருகும் பை கிடையாது. பை இருந்தால் குப்பை சேரும், குப்பை சேர்ந்தால் கூட்டிப் பெருக்க நேரமாகும். இறங்கிய விமானம் 25 நிமிடத்தில் மறுபடி கிளம்பியாக வேண்டுமே. நிறுவனம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமிக்கிறது, எனக்கு டிக்கெட் விலை குறைகிறது. கும்பிடு போடுகிறேன்.

ஆனால் கேட் வாசலில் நடப்பது செலவுக் குறைப்பே இல்லை. அது வசூல்.

கூடுதல் எடைக்கான அனுமதியை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் ஒரு விலை, அதே பைக்கு அதே விமானத்தில் கேட்டில் வேறு விலை, அதுவும் எவ்வளவோ மடங்கு. பையின் எடை வீட்டிலிருந்து கேட்டுக்கு வருவதற்குள் கூடிவிட்டதா என்ன? "எடை கூடினால் எரிபொருள் கூடும் சார்" என்று விளக்கம் சொல்ல ஒருவர் வருவார், தெரியும். வாருங்கள். எரிபொருள்தான் காரணம் என்றால், பெரிய பையைப் பிடித்துக் கொடுக்கும் ஊழியருக்கு ரயன்ஏர் ஏன் ஊக்கத்தொகை தருகிறது? ஒரு பைக்கு ஒன்றரை யூரோவாக இருந்ததை 2025 நவம்பரில் இரண்டரையாக்கி, மாத உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்பிரிட், ஃபிரான்டியர் என்ற இரண்டு மலிவு விமான நிறுவனங்கள் 2022, 2023 இரண்டு வருடத்தில் இப்படிப் பை பிடித்துக் கொடுத்த ஊழியர்களுக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்திருக்கின்றன. அந்நாட்டு செனட் குழுவே அறிக்கையில் எழுதியிருக்கிறது. விதியை எல்லோரும் மதித்தால் இந்த வரும்படி நின்றுபோகும். யாராவது மாட்டத்தான் வேண்டும்.

யார் மாட்டுவார்? நீங்களும் நானும் மாட்ட மாட்டோம். முதுகில் ஒரு லேப்டாப் பை, போனில் போர்டிங் பாஸ், போய்க்கொண்டே இருப்போம். மாட்டுவது அந்த அம்மா மாதிரி ஆட்கள். நம்முடைய மலிவு டிக்கெட்டின் மிச்சப் பணத்தை அவர் கட்டுகிறார். கட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் மகள் பிரசவத்துக்காகச் சித்தியோடு கிளம்பினார். பையில் சுக்கு, திப்பிலி, வீட்டில் திரித்த பருப்புப் பொடி, பிள்ளைக்குப் பழந்துணி. கேட்டில் தராசு. ஊழியர் சொன்ன தொகை கையில் இல்லை. சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் இன்னொரு சட்டை என்று போட்டுக்கொண்டார். பருப்புப் பொடி குப்பைத் தொட்டிக்குப் போனது. ஊர் திரும்பியதும் குடும்பத்தில் பல வருடம் இது நகைச்சுவைக் காட்சியாக ஓடியது, சித்தப்பாவும் கூடவே சிரிப்பார். அவர் போன பிறகுதான் சித்தி சொன்னார்: தண்ணீருக்கும் காசு கேட்பார்களோ, கேட்டால் மறுபடி எல்லோர் முன்னாலும் விழிக்க வேண்டுமோ என்று நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாராம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஊரில் எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள்.

"படிக்க வேண்டியதுதானே?" ஹெட்மாஸ்டருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. டிக்கெட் போட்டது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஏஜென்ட். இமெயிலும் ஏஜென்ட்டுடையது, போன் நம்பரும் ஏஜென்ட்டுடையது. ஆங்கிலத்தில் வந்த விதிகள் எல்லாம் அவருடைய இன்பாக்ஸில் பத்திரமாக இருக்கும். சித்தப்பா கைக்கு வந்தது ஒரு பிரின்ட் அவுட். அந்த அம்மா கைக்கும் அதேதான் வந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கைப்பைக்கு ஒரு நிறுவனத்தில் ஏழு கிலோ, இன்னொன்றில் பத்து கிலோ. இதை டிக்கெட்டில் தமிழில் ஒரு வரி அச்சடித்தால் விமானம் பறக்காதா?

"நேரம் ஆகும், எல்லோரும் பெரிய பை கொண்டுவந்தால் மேலே வைக்க இடமில்லை" என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது.

"பிடிக்காவிட்டால் போகாதே." இந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? சக்கர நாற்காலிக்கு 18 பவுண்டு கட்டணம் வாங்கி, 2004இல் லண்டன் நீதிமன்றத்தில் ரயன்ஏர் தோற்றது. பிராங்பர்ட் என்று டிக்கெட் விற்று 120 கிலோமீட்டர் தள்ளி ஹான் என்ற ஊரில் இறக்கிவிட்டதும் அவர்கள்தான். சென்னைக்கு டிக்கெட் எடுத்தவரைத் திண்டிவனத்தில் இறக்குகிற மாதிரி. கழிவறைக்குக் காசு வாங்கலாமா என்று அதன் தலைவர் ஓலியரி 2009இல் பேசியபோது உலகமே ஜோக் என்று சிரித்தது. இங்கே என்ன வாழ்கிறது? பெற்றோரையும் சின்னப் பிள்ளையையும் பிரித்து உட்கார வைக்காதீர்கள் என்று விமானங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. பிள்ளை பக்கத்தில் உட்கார்வதற்கும் அரசாங்க உத்தரவு! அதற்கும் அன்று "பிடிக்காவிட்டால் போகாதே" என்று நாலு பேர் எழுதியிருப்பார்கள்.

எல்லா ஊழியரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடாதீர்கள். அந்த வீடியோவில் நிற்கும் பெண்ணுக்கும் இருபத்திரண்டு வயது இருக்கும், மேலிடத்து நெருக்கடி இருக்கும். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட, "அம்மா, என் பையில் இடம் இருக்கிறது, ரெண்டு கிலோ இதில் வையுங்கள்" என்று சொல்லத் தோன்றவில்லையே. போனை எடுக்க மட்டும் தோன்றியது.

என் தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர். டெக்கில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு போகும் ஏழை டிக்கெட். சுகமான பயணம் என்று யாரும் சொல்ல முடியாது, வாந்தியும் புழுக்கமும்தான். ஆனாலும் அவருடைய தகரப் பெட்டியை எல்லோர் முன்னாலும் கொட்டச் சொல்லி யாரும் வேடிக்கை பார்த்ததாக எங்கள் வீட்டில் கதை இல்லை.

"வசதி இல்லையென்றால் பஸ்ஸில் போகட்டுமே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், அதற்கு முப்பது லைக் வேறு. அய்யா, திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு பஸ் கிடையாது. கப்பலும் எப்போதோ நின்றுவிட்டது. அந்த லைக் போட்ட முப்பது பேரில் யாராவது படகு வைத்திருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள், அந்த அம்மாவுக்கு அடுத்த தடவை உதவும்.