ஊசியை எழுதினீர்கள், பயிற்சியை விட்டுவிட்டீர்களே

பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் (பல வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டால் கை கால் இயக்கம் திரும்பிவிடும் என்ற தொனியில் நீங்கள் எழுதிய கட்டுரை போகிறது. படித்ததும் மனம் பதறியது. என் அப்பாவுக்கு வலது கை விழுந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் இதே ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்டார்கள். அம்மா தாலிக்கொடியைக் கழற்றத் தயாராகிவிட்டார். நல்லவேளை, தெரிந்த டாக்டர் ஒருவர் தடுத்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்காகக் காசு வாங்கவே கூடாது. இதை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டாமா?

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வரும் வலிக்காக 1990களில் கண்டுபிடித்த முறை இது; பக்கவாதத்தில் விழுந்த கைக்கும் பயன்படுத்துகிறார்கள். அப்பாவின் வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைப்போம். முன்னால் இடது கை புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கும். கண்ணாடியில் வலது கையே எடுப்பதுபோல் தெரியும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி தினமும் அரை மணி நேரம், மற்றப் பயிற்சிகளோடு சேர்த்து. மூன்றாம் மாதம் ஒரு காலையில், மறைவில் இருந்த ஆள்காட்டி விரல் லேசாக அசைந்தது. அப்பா கண்ணாடியை நகர்த்திவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். அவருக்கே சட்டைப் பொத்தான் போட இன்னும் வரவில்லை. ஆனால் டம்ளரைப் பிடித்துக் காபி குடிக்கிறார்.