ருபின் டி.வி. பெருமை பேசுறதை முதல்ல நிறுத்துங்க

மறுபடி ஒருத்தர் ஆரம்பிச்சுட்டார்: "சோவியத் பொருள்னா இரும்பு மாதிரி. அந்தக் கலர் டி.வி. நாப்பது வருஷம் ஓடும்." போதும் சாமி, காது புளிச்சுப் போச்சு. அதை ஓட வைக்க மெக்கானிக் எத்தனை தடவை மாடி ஏறினார்னு ஒருத்தராவது சொல்றீங்களா?

ருபின்-714, சோவியத் கலர் டி.வி. மாடல். 1976ல வந்தது. 61 செ.மீ. படக்குழாய் (டியூப்), 60 கிலோ கனம், 250 வாட். விலை 600 ரூபிளுக்கு மேல. சராசரிச் சம்பளம் மாசம் 150 ரூபிள் அளவுல இருந்த நேரம் அது. நாலு மாசச் சம்பளம் முழுசா போயிடும். அப்படி வாங்கின செட்டை வீட்டுல இறக்கி வெச்சா மனுசன் முகம் பச்சை, ஓரத்துல சிவப்பு நிழல்!

ஏன்? அந்த டியூப்ல சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒண்ணொண்ணா எலக்ட்ரான் கதிர் பாய்ச்சுற மூணு கன் முக்கோணமா நிக்கும். மூணு கதிரும் திரை முழுக்க ஒரே புள்ளியில சேரணும். செட்டைத் தூக்கி வேற திசையில திருப்பி வெச்சாலே பூமியோட காந்தம் நிறத்தைக் கெடுத்துடும். அதனால முதல்ல டியூப்ல ஏறின காந்தத்தைப் போக்க, கரண்ட் ஓடுற ஒரு பெரிய கம்பிச் சுருளைத் திரைக்கு முன்னால சுத்திச் சுத்திக் காட்டி, மெதுவா பின்னால நகர்ந்து, ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வந்த பிறகுதான் கரண்டை நிறுத்தணும். பக்கத்துலயே நிறுத்தினா இன்னும் கெட்டுப்போகும். அடுத்து பச்சையையும் நீலத்தையும் அணைச்சு, திரை முழுக்க ஒரே சிவப்பா வர்ற வரைக்கும் டியூப் கழுத்துல இருக்கிற காந்த வளையத்தையும், கதிரை வளைக்கிற சுருளான யோக்கையும் நகர்த்தணும். அப்புறம் நடுவுல சிவப்பையும் பச்சையையும் சேர்த்து மஞ்சள் கோடாக்கி, அது மேல நீலத்தை ஏத்தி வெள்ளையாக்கணும். முடிஞ்சுதா? இல்லை. இன்னும் நாலு ஓரம் இருக்கு. அதுக்குத் தனி போர்டு, அது நிறையத் திருகு. மேல் ஓரம் சரியானா கீழ் ஓரம் விலகும். கீழே சரி பண்ணினா நடு விலகும். திருகு பின்பக்கம், படம் முன்பக்கம்! எதிர்ல ஒரு கண்ணாடியை வெச்சுப் பார்த்துக்கிட்டே திருகணும். டி.வி. நிலையம் காட்டுற, கட்டம் போட்ட டெஸ்ட் கார்டு படம் வேணும், அது நிகழ்ச்சி இல்லாத பகல்லதான் வரும். அதுக்காக வீட்டுல ஒருத்தர் வேலைக்கு லீவு போடணும். இவ்வளவும் முடிஞ்ச பிறகு சுத்தம் பண்றேன்னு செட்டைத் திருப்பி வெச்சா மறுபடி முதல்லேர்ந்து.

இதுவாவது கண்ணுக்கு வந்த கஷ்டம். கதிரைக் குறுக்கே ஓட்டுற லைன் அவுட்புட் பகுதியில இருக்கிற 6பி45எஸ் வால்வு (கண்ணாடிக் குழாய்) உயிருக்கே வந்த கஷ்டம். அதுக்குத் துடிப்பு அனுப்புற ஆசிலேட்டர் நின்னுட்டா, வால்வுல கரண்டைக் கட்டுப்படுத்துற கிரிட்டுக்கு நெகட்டிவ் வோல்டேஜ் வராது. கரண்ட் கட்டுக்கடங்காம ஏறி, வால்வு உள்ளே இருக்கிற தகடு செக்கச்செவேல்னு பழுக்கும். அந்த நிமிஷமே அணைச்சா தப்பிச்சீங்க. இல்லேன்னா வால்வு போய், பின்னாலேயே லைன் டிரான்ஸ்பார்மரும் போகும். ஆசிலேட்டரைப் பார்க்காம வால்வை மட்டும் மாத்தினா புது வால்வும் அதே மாதிரி பழுக்கும். 25,000 வோல்ட், உள்ளே தூசி, சுத்தி மரப்பெட்டி. அதையும் சுவர் அலமாரிக்குள்ள காத்துப் போகாம திணிச்சு வெப்பாங்க. செட்டுங்க தீப்பிடிச்சது பொய்யில்லை, ஆளுங்க செத்திருக்காங்க. பிளக்கைப் பிடுங்கு, தண்ணி ஊத்தாதே, கெட்டிப் போர்வையால மூடுன்னு ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்தது. ஒரு டி.வி. பார்க்கிறதுக்கு இந்தப் பாடமா?

வடிவமைச்சவங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. 1967 அக்டோபர்ல கலர் ஒளிபரப்பைத் தொடங்கினது பெரிய காரியம்தான். ஆத்திரமெல்லாம் பிளான் மேல, அதாவது மாசத்துக்கு இத்தனை செட்னு அரசு வெச்ச இலக்கு மேல. தொழிற்சாலைக்குக் கணக்கு எண்ணிக்கையில. மாசத்தோட முதல் பாதியில பாகம் வராது, கடைசிப் பத்து நாள் ராப்பகலா அடிச்சுப் பிடிச்சு முடிப்பாங்க. அந்த அவசரத்துல வெச்ச சால்டர், அதான் ஈயப் பத்து, எப்படிப் பிடிக்கும்? அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க கடையில செட்டோட தாள்ல தேதியைத் தேடுவாங்க. மாசக் கடைசின்னா வேண்டாம்.

அந்தச் சேனல் குமிழையாவது உருப்படியா பண்ணியிருக்கலாம்ல? கடக் கடக்னு நாலு வருஷம் திருப்பினா பிளாஸ்டிக் விண்டுடும், வெறும் தண்டு நிக்கும். 600 ரூபிள் கொடுத்த வீட்டுல, டி.வி. மேல எந்நேரமும் ஒரு குறடு.