நாலு குதிரைவீரருக்கு ஒரு பீங்கான்

அரண்மனைக்காரர்கள் சாப்பிட்ட தட்டையும் கோப்பையையும் பார்க்க இன்று யார் வரப்போகிறார்கள், அருங்காட்சியகங்களில் ஐரோப்பிய அலங்காரக் கலைக் கூடங்களைச் சுருக்கிவிடலாம் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன். தட்டுகளை வரிசையாக அடுக்கி, கீழே 'பீங்கான், 18ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதிவைத்தால் எனக்கும் கொட்டாவிதான் வரும்.

ஆனால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், ட்ஸ்விங்கர் அரண்மனையில் இருக்கும் சீன ஜாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் நீலச் சித்திரம். மூடியோடு சேர்த்தால் ஒரு மீட்டர் உயரம் வரும். 1717இல் அந்தப் பகுதியான சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், தன் குதிரைப்படையில் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த ஜாடிகள் உட்பட 151 பீங்கான்களை வாங்கிக்கொண்டார். கணக்குப் போட்டால் நாலு பேருக்கு ஒரு உருப்படி! 'டிராகூன்' என்றால் குதிரைவீரன். அந்த ஜாடிகளுக்கு இன்றும் டிராகூன் ஜாடி என்றே பெயர். இதே அகஸ்டஸ்தான், தங்கம் செய்து காட்டுகிறேன் என்று பீற்றிய பியோட்கர் என்ற இளைஞனைப் பிடித்து அடைத்து வைத்தவர். தங்கம் வரவில்லை, பீங்கான் வந்தது. 1710இல் மைசன் பீங்கான் ஆலையும் வந்தது.

இவ்வளவு கதை இருக்கிற பொருளை இருட்டறையில் போட்டுப் பூட்டச் சொல்கிறீர்களே. முதலில் அந்தச் சின்ன அட்டையை மாற்றி எழுதிப் பாருங்கள், ஐயா.