அடுத்த ஆள் வந்தால்தான் அட்வான்ஸ் என்றால்

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைப் பெண் போன வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். "அண்ணா, தை மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டோம். இன்னும் அட்வான்ஸ் வரல. போன் பண்ணா எடுக்கறதே இல்ல" என்றாள். வேளச்சேரியில் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த வீடு. 80,000 ரூபாய் அட்வான்ஸ். ஒருத்தி வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டாள். இன்னொருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது. கேட்டு வாங்கும் வேலை இவள் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அடுத்த ஆள் வரட்டும்மா, வந்ததும் தர்றேன்."

இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2023-இல் நாலு மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்த அதே பதில்.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019 மே மாதம் நங்கநல்லூரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனோம். வாடகை 12,000, அட்வான்ஸ் 1 லட்சம். 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம். ஓராண்டைத் தாண்டிய குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதம் போடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. புரோக்கர் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அந்த 11 மாதம் முடிந்த பிறகு புதிதாக எதையும் எழுதவில்லை. வாடகை மட்டும் படிப்படியாக ஏறி 15,000-இல் வந்து நின்றது. நாலு வருடத்தில் ஒரு மாதம்கூட ஐந்தாம் தேதியைத் தாண்டி வாடகை கொடுத்ததில்லை.

மகளின் பள்ளிக்காக வீடு மாற வேண்டியிருந்தது. இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டோம். ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாது என்று ஜூன் 30-ஆம் தேதி காலி செய்தோம். புது வீட்டுக்கு 1,20,000 அட்வான்ஸ். பழைய வீட்டுப் பணம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே புது வீட்டுக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். யாரிடம் இருக்கும் இரண்டு அட்வான்ஸ்? மனைவியின் நாலு பவுன் வளையல்களை வங்கியில் வைத்து ஒரு லட்சம் வாங்கினோம். மாதம் எண்ணூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதலாக வட்டி. "ஒரு மாசம்தானே, அட்வான்ஸ் வந்ததும் மீட்டுடலாம்" என்று நான்தான் சொன்னேன்.

சாவி கொடுக்கப் போன சாயங்காலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சாமான் எல்லாம் போன பிறகு வீடு வேறு மாதிரி தெரிந்தது. வீட்டுக்காரர் ஒரு சின்ன டார்ச்சோடு வந்தார். கூடத்துச் சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுப்பாக இருந்தது. அதைச் சுற்றி இருந்த நிறம்தான் நாலு வருடத்தில் மங்கிய நிறம். அவர் அந்த இடத்தில் டார்ச்சை அடித்து, "பாருங்க தம்பி, சுவரே போச்சு" என்றார். ஆணி ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினொன்று. அதில் ஐந்து ஓட்டைகள் நாங்கள் வரும்போதே இருந்தவை. அதை எப்படி நிரூபிப்பேன்? போட்டோ எடுத்து வைக்கவில்லையே. குளியலறைக் குழாய்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. போர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எந்தக் குழாய் நாலு வருடம் பளபளவென்று இருக்கும்? அதையும் எங்கள் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது. "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் கழிக்கறத கழிச்சுட்டு தந்துடறேன்." ஆடியில் அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்?

அவர் கெட்டவர் இல்லை. நாலு வருடம் தண்ணீருக்கோ விருந்தாளிகளுக்கோ ஒரு சொல் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பணம் கேட்டுப் போகும்போதெல்லாம் அவர் மனைவி தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார், பிள்ளையை விசாரிப்பார். அந்த அம்மா முகத்தைப் பார்த்துக் குரலை உயர்த்த முடியாமல் திரும்பி வந்துவிடுவேன். என் பணத்தை நான் கேட்பதற்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று ராத்திரி படுத்தபடி யோசித்திருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், அந்த ஒரு லட்சம் அவரிடம் இல்லை. நாங்கள் கொடுத்த கொஞ்ச நாளிலேயே மேல்மாடி கட்டும் செலவில் போய்விட்டது. அவரே ஒருநாள் சொன்னார். எங்களுக்கு அடுத்தவர் வந்து எங்களுக்குக் கொடுக்க வேண்டும். இப்படி ஒருவர் பணத்தை வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பதே வழக்கமாகி, அதில் தப்பு இருப்பதாகவே யாருக்கும் தோன்றாமல் போய்விட்டது. எனக்கு இதில்தான் கோபம். அட்வான்ஸ் வீட்டுக்காரரின் வருமானம் இல்லை. அவர் நம்மிடம் வாங்கிய கைமாற்றும் இல்லை. நாம் ஒப்படைத்து வைத்திருக்கும் நம் பணம். வீடு காலியாகக் கிடந்தால் அந்த நஷ்டம் வீட்டுக்குச் சொந்தக்காரருடையது. அதை வெளியே போனவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 11-ஆவது பிரிவு அட்வான்ஸைப் பற்றியது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்த பிறகு என்று அதில் எங்கேயும் இல்லை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரிச் சட்டமோ குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைதான் என்கிறது.

ஆனால் நம் சட்டத்தில் அந்த மூன்று மாத வரம்புக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. அந்த வழியாகத்தான் ஆறு மாதமும் பத்து மாதமும் உள்ளே வருகின்றன. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? இதை மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். வரம்பு என்றால் வரம்பாக இருக்க வேண்டும்.

இந்த விவரம் எதுவும் எனக்கு ஆரம்பத்தில் தெரியாது. ஜூலை கடைசியில் 40,000 வந்தது. ஆவணியில் வேறு குடும்பம் வந்ததும் 30,000. மீதி 30,000-க்கு ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு வந்தது. பெயின்ட் 15,000, குழாயும் சுத்தம் செய்ததும் 6,000, கரண்ட் பில் 2,400. கையில் 6,600 தருவதாகச் சொன்னார். அன்றைக்குத்தான் என் மைத்துனர் சட்டத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார். அதன் இரண்டாவது அட்டவணையில் எந்த வேலை யாருடையது என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது வீட்டுக்காரர் வேலை. குழாய், வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் வேலை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. என் ஒப்பந்தத்தில் பெயின்ட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. காலி செய்தால் ஒரு மாத வாடகை பெயின்ட்டுக்கு என்பது சென்னையில் எழுதாத விதியாக இருக்கிறது, அவ்வளவுதான். புழங்கினால் வீடு தேயும். அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் வாடகை கொடுத்தோம்?

ஒரு கடிதம் எழுதினேன். காலி செய்த தேதி, கொடுத்த அட்வான்ஸ், வந்த தொகை, வர வேண்டிய தொகை. குழாய் வேலைக்கு பில் காட்டுங்கள், கொடுக்கிறேன். கரண்ட் பில்லை ஒப்புக்கொள்கிறேன். பெயின்ட்டை ஒப்புக்கொள்ளவில்லை, காரணம் இந்தச் சட்டம், இந்த அட்டவணை. திட்டவில்லை, மிரட்டவில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் அவரே போன் செய்தார். "நேர்ல பேசியிருக்கலாமே தம்பி" என்றார். "எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தேன் சார்" என்றேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. கடைசியில் குழாய்க்கு பில்லில் இருந்த 2,850, கரண்ட் 2,400, பெயின்ட்டில் பாதி 7,500 கழித்து 17,250 கொடுத்தார். அந்தப் பாதியை நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. அலைந்து களைத்துப் போயிருந்தேன். நவராத்திரி முடிந்து அந்த மாதக் கடைசியில்தான் வளையல்களை மீட்டோம்.

வீட்டுக்காரர்கள் பக்கத்திலும் வேதனை உண்டு. மாதக்கணக்கில் வாடகை தராமல், வீட்டையும் நாசம் செய்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனவர்களைப் பற்றி எனக்கும் தெரியும். ஓய்வூதியமில்லாமல் ஒரு போர்ஷன் வாடகையை நம்பி வாழும் வயதானவர்களுக்கு அட்வான்ஸ் ஒரு பிடிமானம். அதை மறுக்கவில்லை. ஆனால் பிடிமானத்துக்கு வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டால் அது எப்படிப் பிடிமானமாகும்? பணம் திரும்பி வராதோ என்ற பயத்தில்தான் குடியிருப்பவர்கள் பலர் கடைசி நாலைந்து மாத வாடகையைக் கொடுக்காமல் "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் அந்த யோசனையைச் சொன்னார்கள். செய்யவில்லை. வாடகை பாக்கி என்பது காலி செய்யச் சொல்லச் சட்டமே ஏற்கும் காரணம், அப்புறம் நம் பக்கத்து நியாயம் போய்விடும்.

இப்போது வீடு தேடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அட்வான்ஸைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். முழுத் தொகையும் ஒப்பந்தத்தில் வர வேண்டும், பாதி எழுதி மீதி வாய்வார்த்தை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயின்ட்டுக்கு யார் பொறுப்பு, காலி செய்த எத்தனை நாளில் பணம் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடிபோகும் அன்றே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தை அரசின் வாடகைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு இருந்தால் துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் ரென்ட் அத்தாரிட்டி என்ற வாடகை அதிகாரியிடம் போய் நிற்க முடியும். என்னைப் போல, வீட்டுக்காரர் ஆணி ஓட்டைகளை எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை நேற்று வாங்கிப் பார்த்தேன். 80,000 தெளிவாக எழுதியிருக்கிறது, மூன்று பேர் கையெழுத்தும் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து போனதற்கு ஆதாரமும் வைத்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்திலேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதி முடித்துவிட்டோம். ஊரில் இருக்கும் தோழியிடமும் கல்யாணமானவளிடமும் சம்மதம் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளோடு நானும் என் மனைவியும் அந்த வீட்டுக்குப் போகிறோம். நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்துக் கேட்போம். போட மறுத்தால் திங்கட்கிழமை தபால்.