கார் அதேதான், சக்கரம்தான் வேறு

மின்சார கார் வாங்கப்போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" நானும் அதைத்தான் கேட்டேன். விற்பனையாளரும் கண் இமைக்காமல் ஓர் எண்ணைச் சொன்னார். அவர் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் என் எதிரில் பளபளவென்று நின்ற காருக்கு உரியது அல்ல. 18 அங்குலச் சக்கரம் பூட்டிய அதன் உடன்பிறப்புக்கு உரியது. என் கண் போனதோ 20 அங்குல அலாய் மேல். கூடுதல் பணம் கட்டி அதையே எடுத்தேன். அந்தக் கூடுதல் பணம் ரேஞ்சைக் குறைத்துக்கொள்வதற்காகக் கட்டிய பணம் என்பது விளங்க நாலைந்து மாதம் பிடித்தது.

என் அனுபவத்தை விடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடும் ரேஞ்ச் கணக்குகளை ஒருநாள் மாலை உட்கார்ந்து புரட்டினேன். 2023 ஹூண்டாய் ஐயோனிக் 6, பெரிய பேட்டரி, பின்சக்கர இயக்கம்: 18 அங்குலச் சக்கரத்தில் 361 மைல், 20 அங்குலத்தில் 305 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 581, 491. பேட்டரி அதே, மோட்டார் அதே, 90 கிலோமீட்டரைக் காணவில்லை. 2021 டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட்: 19 அங்குலத்தில் 396 மைல், 21 அங்குலத்தில் 348. லூசிட் ஏர் ட்ரீம் எடிஷனில் 'ரேஞ்ச்' என்றே பெயர் சூட்டிய ஒரு வகை உண்டு. அதிலும் 19-இலிருந்து 21-க்கு மாறினால் 520 மைல் 481 ஆகிவிடுகிறது.

விளம்பரத்தில் எப்போதும் பெரிய எண்தான் இருக்கும். பக்கத்தில் 'வரை' என்று இரண்டெழுத்துச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். "581 கிலோமீட்டர் வரை." அந்த இரண்டெழுத்துக்குள்தான் சக்கரம், வேகம், காற்று, குளிர், மலை எல்லாம் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

பெரிய சக்கரம் ஏன் ரேஞ்சைத் தின்கிறது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "கனம்" என்பார்கள். பாதி உண்மை, அதுவும் சிறிய பாதி. கனமான ரிம்மைச் சுழலவைக்கக் கூடுதல் சக்தி வேண்டும் என்பது சரிதான். ஆனால் சீரான வேகத்தில் ஓடத் தொடங்கிய பின் அந்தக் கனம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது அதில் சேர்ந்திருந்த சக்தியின் ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்பிவிடுகிறது. இன்னொன்று, ரிம் பெரிதானாலும் டயரின் வெளிச்சுற்று கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். பக்கவாட்டு ரப்பர்தான் மெலிகிறது. உண்மையான திருடர்கள் வேறு இருவர்: டயரும் காற்றும்.

டயரை முதலில் பார்ப்போம். நீண்ட பயணம் முடித்து வண்டியை நிறுத்தியதும் டயரின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். வெயிலே படாத நாளாக இருந்தாலும் வெதுவெதுப்பாக இருக்கும். சாலையைத் தொடும் இடத்தில் ரப்பர் அமுங்குகிறது, விலகும்போது நிமிர்கிறது. அமுக்கச் செலவான சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. மிச்சத்தைச் சூடாக்கிவிடுகிறது. உங்கள் கையில் படும் அந்த வெதுவெதுப்பு, நேற்றிரவு நீங்கள் ஏற்றிய சார்ஜ்.

டயர் இப்படிக் காரைப் பின்னிழுப்பதற்கு உருளும் தடை என்று பெயர். இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரையில் ஏ முதல் ஈ வரை தரம் போட்டிருக்கிறார்கள். ஏ தர டயரில் ஒரு டன் எடைக்கு உருளும் தடை ஆறரை கிலோ அல்லது அதற்கும் கீழே. ஈ தரத்தில் 10.6 கிலோவும் அதற்கு மேலும். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,900 கிலோ எடையுள்ள காரில் இந்த இரண்டு தரங்களுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் வித்தியாசம் வருகிறது. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் குடிக்கும் காரில் 60 யூனிட் பேட்டரி இருந்தால் 400 கிலோமீட்டர் ஓடும். அந்த 2 யூனிட் கூடினால் 353 கிலோமீட்டர்தான். ஒரே கார், ஒரே சாலை, ஒரே ஓட்டுநர். ரப்பர் மட்டும் வேறு.

பெரிய ரிம்முக்கு வரும் டயர்கள் பெரும்பாலும் அகலமானவை. பிடிமானத்தை மனதில் வைத்துச் செய்த ரப்பராகவும் இருக்கும். பிடிமானமும் குறைந்த உருளும் தடையும் ஒரே டயரில் கூடி வருவது எளிதல்ல. எனவே அங்குலத்தைத் திட்டுவதைவிட டயரின் தரத்தைப் பார்ப்பதுதான் நியாயம். ஒரே அளவு ரிம்மிலேயே நல்ல டயரும் கெட்ட டயரும் கிடைக்கும்.

பழைய டயரைக் கழற்றிப் புதியதைப் போட்டதும் ரேஞ்ச் விழுந்துவிட்டது என்று பலர் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். பேட்டரி போய்விட்டதோ என்று பதறுகிறார்கள். பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். தேய்ந்த டயரில் அமுங்கி நிமிர ரப்பர் குறைவு, அதனால் தடையும் குறைவு. அதோடு ஒரு வேடிக்கையும் உண்டு. 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள வரிப்பள்ளம் 2 மில்லிமீட்டராகத் தேயும்போது டயரின் ஆரம் 6 மில்லிமீட்டர் சுருங்குகிறது. சக்கரம் அதிகமாகச் சுற்றுகிறது, ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டுகிறது. ஏறத்தாழ 2 சதவீதம். அதாவது பழைய டயரில் உங்களுக்குக் கிடைத்த ரேஞ்சில் கொஞ்சம் கற்பனை. புதிய டயர் உண்மையைச் சொல்கிறது, நாம் அதன் மேல் கோபப்படுகிறோம்.

அடுத்து காற்று. கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரத்தின் அடிப்பாகம் சாலையில் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. உச்சிப்பாகமோ 200 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. நான்கு மூலையிலும் நான்கு மின்விசிறிகள் பக்கவாட்டில் காற்றைக் கலக்கிக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். காரின் மொத்தக் காற்றுத்தடையில் சுமார் கால் பங்கு சக்கரங்களாலும் அவற்றின் குழிகளாலும் வருவதாகப் பொறியாளர்கள் சொல்கிறார்கள். மின்சார கார்களின் சக்கரங்களுக்கு மட்டும் அந்தத் தட்டையான, கொஞ்சம் அசட்டுக் களையுள்ள மூடி ஏன் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். டெஸ்லா மாடல் 3-இன் மூடிகளைக் கழற்றியும் மாட்டியும் கார் அண்ட் டிரைவர் இதழ் சோதித்தபோது, மாட்டிய கார் மூன்று சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் சிக்கனம் காட்டியது. அழகாக இல்லை என்று முதல் வாரமே அதைக் கழற்றி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

காற்றுத்தடையின் குணமே வேகத்தோடு சேர்ந்து ஏறாமல், அதைத் தாண்டிக் குதிப்பதுதான். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. நடுத்தர அளவுக் காருக்கு என் கணக்கில், 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விலக்க மட்டும் 100 கிலோமீட்டருக்கு 5 யூனிட் போகிறது. வேகம் 100 ஆனால் அது ஏறத்தாழ 8 யூனிட், 120 ஆனால் 11. எதிர்க்காற்று வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 100-இல் போகும்போது 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் காருக்கு அது 120-இல் போவதுபோலத்தான். திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளுமே, கணக்கு நேராகிவிடாதா என்றால், ஆகாது. போகும்போது 44 சதவீதம் கூடுகிறது, வரும்போது 36 சதவீதம்தான் குறைகிறது.

இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. மழையும் எதிர்க்காற்றும் சேர்ந்த ஒரு நாள், நெடுஞ்சாலையில் 210 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது திரையில் 290 என்று இருந்தது. தாராளம் என்று 110-இல் விட்டேன். பாதி வழி தாண்டியதும் மீதித் தூரமும் மீதி ரேஞ்சும் ஒன்றையொன்று நெருங்க ஆரம்பித்தன. 80 வித்தியாசம் 40 ஆனது, பிறகு இன்னும் குறைந்தது. முதல் வேலையாக ஏ.சி.யை அணைத்தேன். ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி மங்கலானது. "கண்ணாடி தெரியவில்லை, சாலை தெரியவில்லை, அந்த எண் மட்டும் தெரிந்தால் போதுமா? ஏ.சி.யைப் போடுங்கள்" என்றார் மனைவி. போட்டேன். வேறு வழியில்லாமல் வேகத்தை 85-க்குக் குறைத்தேன். வித்தியாசம் சுருங்குவது நின்றது. கொஞ்ச நேரத்தில் மெல்லக் கூடவும் செய்தது. 19 கிலோமீட்டர் மிச்சத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ.சி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் எடுத்தது என்று வைத்துக்கொண்டால், அதை அணைத்ததால் 100 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் மிச்சமாகியிருக்கும். வேகத்தை 25 குறைத்ததால் அந்தக் காற்றில் மிச்சமானது நான்கு யூனிட்டுக்கும் மேல். வியர்வையில் உட்கார்ந்து 110-இல் போவது வீண் தியாகம்.

ஆனால் நகர நெரிசலில் இந்தக் கதை அப்படியே தலைகீழ். ஏ.சி.யும் ஹீட்டரும் தூரத்துக்குக் கணக்குக் கேட்பதில்லை, நேரத்துக்குக் கேட்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு 3 யூனிட் குடிக்கும் 3 கிலோவாட் ஹீட்டரோடு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் அதற்கே போய்விடும். அதாவது காரை நகர்த்துவதற்கு ஆகும் அளவு. குளிர்ப்பிரதேச ஓட்டுநர்கள் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-இல் ஐந்து மின்சார கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டரோடு ஓட்டியபோது சராசரியாக 41 சதவீத ரேஞ்ச் போனது. 35 டிகிரி வெயிலில் ஏ.சி.யோடு 17 சதவீதம். குளிரில் ஹீட்டர் மட்டும் குற்றவாளி அல்ல. பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது, காற்று அடர்கிறது, டயரில் அழுத்தம் குறைகிறது. 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கிவிடும். கோடையில் அடித்த காற்றை நம்பிக் குளிர்காலத்தில் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மலை ஏறுவதைப் பற்றியும் ஒரு வரி. அதே 1,900 கிலோ காரை 1,000 மீட்டர் உயரம் ஏற்ற 5 யூனிட்டுக்குச் சற்று அதிகம் வேண்டும். இறங்கும்போது அதில் நல்ல பங்கு திரும்பும். ஆனால் மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள், திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது.

"பெட்ரோல் காருக்கும் இதெல்லாம் உண்டே, அப்போது யாரும் பேசவில்லையே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பெட்ரோல் என்ஜின் தான் குடிப்பதில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்குகிறது. ஊதாரியின் வீட்டில் நூறு ரூபாய் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. மின்சார கார் கைச்சிக்கனம் உள்ள வீடு, ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் தெரியும். இன்னொன்றும் சொன்னேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 8.9 யூனிட் சக்தி இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 60 யூனிட் பேட்டரி என்பது ஏழு லிட்டருக்கும் குறைவான பெட்ரோல். அவ்வளவை மட்டும் டாங்கில் ஊற்றிக்கொண்டு 400 கிலோமீட்டர் போகிறது இந்தக் கார். அது பெரிய சாதனைதான். ஆனால் ஏழு லிட்டர்க்காரனுக்கு அரை லிட்டர் நட்டமும் வலிக்கும்.

என் கோபம் பெரிய சக்கரத்தின் மேல் அல்ல. தினம் 40 கிலோமீட்டர் போய்வந்து இரவில் வீட்டில் சார்ஜ் போடுகிறவர் 22 அங்குலம் பூட்டினாலும் ஒன்றும் ஆகாது. கோபம் அந்த ஒற்றை எண்ணின் மேல். ஐரோப்பாவில் பின்பற்றும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில், வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் சக்கரம் உள்ளிட்டவற்றைச் சேர்த்து அந்தந்தக் காருக்கே தனிக் கணக்கு வருகிறது. ஆக, செய்ய முடியாத வேலை அல்ல. அப்படியிருக்க, காட்சிக்கூடத்தில் சக்கரத்தின் பக்கத்தில் அதன் விலையை எழுதிவைப்பவர்கள் அதன் ரேஞ்சையும் எழுதிவைத்தால் என்ன? அந்தச் சோதனையிலும் நிறுத்தங்களைச் சேர்த்த சராசரி வேகம் 46.5 கிலோமீட்டர்தான் என்பதைக் கூடவே சொல்லிவிட்டால், நாள் முழுக்க நெடுஞ்சாலையில் 120-இல் பறக்கிறவர் பிறகு வந்து சண்டை போட மாட்டார்.

திரையில் தெரியும் மீதி கிலோமீட்டரை நான் இப்போது பார்ப்பதே இல்லை. அது நேற்று நான் ஓட்டியதை வைத்து நாளைக்குச் சொல்லும் ஆரூடம். 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதைத்தான் பார்க்கிறேன்.

18 அங்குலச் சக்கரமும் நல்ல டயரும் வாங்கி மாட்டிவிட்டேன். கழற்றிய 20 அங்குல அலாய் நான்கும் மூன்று மாதம் சுவரில் சாய்ந்து கிடந்தன. போன வாரம் ஒருவர் வாங்க வந்தார். அதே மாடல் கார். "இதைப் போட்டால் ரேஞ்ச் குறையுமா?" என்று கேட்டார். குறையும் என்றேன். எவ்வளவு என்றார். மேலே எழுதியதை எல்லாம் கிட்டத்தட்ட இதே வரிசையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ரிம்மின் விளிம்பை ஒரு சுற்று விரலால் தடவிவிட்டு, "பார்க்க நன்றாக இருக்கிறது சார்" என்று சொல்லி நான்கையும் ஏற்றிக்கொண்டு போனார்.