பெஞ்சு கேட்டவருக்கு உடற்பயிற்சிக் கருவிகள்

இன்று காலை மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைப் படித்ததிலிருந்து என் ஆத்திரம் அடங்கவில்லை. சிங்கப்பூரில் உள்ள எங்கள் பேட்டைவாசிகளின் கருத்துகளைக் கேட்டு நலவாழ்வுத் திட்டம் வகுத்துவிட்டார்களாம். அந்தக் கருத்துகளுக்கு இணங்க, கார் நிறுத்துமிடத்தை ஒட்டி மூத்தோருக்கான உடற்பயிற்சிக் கருவிகள் வரப்போகின்றனவாம். என் அம்மா கருவி எதுவும் கேட்கவில்லை. உட்காருவதற்கு ஒரு பெஞ்சு கேட்டார். அது உடற்பயிற்சியாக மாறிய கணத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அட்டையை நிறுத்தியிருந்தார்கள். அதில் உடற்பயிற்சி, உணவு, நட்புறவு, மனநலம் என நான்கு கட்டங்கள். ஆளுக்கு மூன்று பச்சை ஒட்டுவில்லைகளைக் கொடுத்து, எது முக்கியமோ அதில் ஒட்டச் சொன்னார்கள். அம்மா ஒட்டவில்லை. "தம்பி, சந்தைக்குப் போற வழியில உக்கார ஒரு பெஞ்சு போடுங்க" என்றார். அந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது. அம்மா உடனே தம் பழைய சந்தை மலாய்க்கு மாறி, "டுடோக், டுடோக்" என்று சொல்லி, முழங்காலைத் தட்டி, இல்லாத நாற்காலியில் பாதி உட்கார்ந்தே காட்டினார். மலாயும் அவருக்குப் புரியவில்லை. நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். எந்த இடம், ஏன் வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார், அட்டையை மேலும் கீழும் பார்த்தார், பெஞ்சுக்குக் கட்டம் இல்லாததால் ஒட்டுவில்லையை வாங்கி 'உடற்பயிற்சி' என்ற கட்டத்தில் தாமே ஒட்டினார். அது அங்கே வராது என்றேன். "நடப்பது சம்பந்தமானதுதானே" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதுவதற்கு அவரிடம் தாள் இல்லை. அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபமில்லை. மக்கள் என்ன சொல்லலாம் என்பதை முன்கூட்டியே நான்கு கட்டங்களாக அச்சடித்துக்கொண்டு, அதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர் வைத்து அவரை அங்கே நிறுத்தியவர்கள்மேல்தான் கோபம்.

அம்மாவுக்கு 76 வயது. நீரிழிவால் பாதம் மரத்துப்போகும், வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆளுக்கொரு குடும்ப மருத்துவரிடம் பதிந்து உடல்நலம் பேணச் சொல்லும் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியதும் பெயர் பதிந்துகொண்டார். அன்றாடம் நடக்க வேண்டும் என்று குடும்ப மருத்துவர் சொன்னதைத் தட்டாமல் காலையில் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார். கீழ்த்தளத்திலிருந்து சந்தை வாசல் வரை நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன், 410 எட்டுகள். பாதி வழியில் அவரால் முடியாது. அங்கே ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது; அதை ஒரு கையாலும், துணி சுற்றிய வண்டிக் கைப்பிடியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு சீராகும் வரை வெயிலில் நிற்பார். கால் மிகவும் நடுங்கினால் கால்வாயின் ஓரக் கட்டையில் உட்காருவார். அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்.

நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று 2016-இல் அறிவித்த நாடு இது. அந்நோய் இந்தியர்களிடையே கூடுதலாக இருப்பதை எத்தனையோ முறை நமக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், நாமும் கேட்டுக்கொண்டோம். மூத்தோர் தம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நலமாக வாழ உதவ 2023-இல் அறிவித்த ஏஜ் வெல் எஸ்ஜி திட்டத்துக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 3.5 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய பேட்டைகளில் இளைப்பாறும் இடங்களைக் கூட்டுவதும் அதில் சொல்லப்பட்ட ஒன்றுதான். ஆக, நான் கேட்பது யாருக்கும் தோன்றாத புதுமையன்று. மேலே இருப்பவர்கள் தாங்களே எழுதி வைத்திருப்பதை, கீழே அட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளக்கூட வழியில்லாமல் வருகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மனம் வைத்தால் முடியும் என்பதையும் இதே ஊர் காட்டியிருக்கிறது. மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைச் சாலை விளக்கின் கருவியில் தட்டினால் சாலை கடக்கும் பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரியும் வசதி 2009-இல் வந்தது. கிழவர்களின் கால் மெதுவாக நகரும் என்பதை யாரோ ஒருவர் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறார். அம்மா ஒவ்வொரு முறையும் அந்த அட்டையைத் தட்டிவிட்டு நிம்மதியாகக் கடக்கிறார். கடந்து இந்தப் பக்கம் வந்த பிறகு உட்கார இடமில்லை.

இன்னொன்று, அந்த அறிவிப்பின் தமிழ். கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியே கிடக்கின்றன. ஒட்டுவதற்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடமாவது காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை முயன்றுவிட்டு, "என்ன எழுதியிருக்கு?" என்று அம்மா என்னைக் கேட்டார். சொன்னேன். "பெஞ்சு?" என்றார். இல்லை என்றேன். ஒன்றும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

கருவிகள் வரட்டும், வேண்டியவர்கள் பயன்படுத்தட்டும். ஆனால் இந்தத் திட்டத்தில் கையெழுத்திட்டவர் யாராயிருந்தாலும், ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு எங்கள் புளோக்கிற்கு வந்து அம்மாவின் வேகத்தில் அவருடன் நடக்கட்டும். 210-ஆவது எட்டில் அவர் கம்பத்தைப் பிடிப்பார். பெஞ்சை அங்கே போடுங்கள்.