யுஎஸ்பி ஸ்கேனரை ஆக்கர் (பழைய சாமான்) கடைக்குப் போடும் முன்

மார்த்தாண்டம் ஸ்டுடியோ அண்ணனின் பிலிம் ஸ்கேனர் பற்றி இங்கே ஒருவர் எழுதியது: 32 பிட் டிரைவர் (ஸ்கேனரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள், பழைய வகை) மட்டுமே உள்ள ஸ்கேனர் விண்டோஸ் 11-ல் ஓடாது; விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடுவது) போட்டாலும் வெளியே, அதாவது விண்டோஸ் 11-ல், டிரைவர் வேண்டும், அதனால் பயனில்லை.

முதல் பாதி சரிதான். விண்டோஸ் 11-க்கு 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு, அதில் 32 பிட் டிரைவர் ஏறாது. இரண்டாவது அப்படியில்லை. விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ், யுஎஸ்பி சாதனத்தை அப்படியே உள்ளே ஓடும் விண்டோஸிடம் கொடுத்துவிடும். டிரைவர் அங்கே இருந்தால் போதும்.

யாரும் சோதிக்கலாம். உள்ளே 32 பிட் விண்டோஸ் 7 ஓடும்போது, விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோவின் மேலே உள்ள டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பி-க்குப் போய் ஸ்கேனர் பெயரை டிக் செய்யுங்கள். வெளியே மஞ்சள் ஆச்சரியக்குறியோடு கிடந்த சாதனம் உள்ளே டிவைஸ் மேனேஜரில் (சாதனங்களின் பட்டியலில்) வந்துவிடும். பிறகு பழைய சிடியிலிருந்து டிரைவரை உள்ளே மட்டும் போட்டு, ஒரே ஒரு நெகட்டிவை ஸ்கேன் செய்து பாருங்கள். அந்தப் பழைய விண்டோஸுக்கு இன்டர்நெட் கொடுக்க வேண்டாம்.

அண்ணே, ஊர்க்காரர்களின் எத்தனையோ கல்யாண நெகட்டிவ்கள் உங்களிடம் இருக்கின்றன. ஸ்கேனரை விற்கும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.